இருபது மாத மாயக் கூடம்

ஊர்ப் பெயர்களை ஆராய்வதில் நமக்குச் சற்றுப் பிரியம் உண்டு. சென்னையில் புளியந்தோப்புக்குப் போய் இன்று புளியமரத்தைத் தேடிப் பயனில்லை. ஆயினும், ஒரு காலத்தில் அங்கே மரங்கள் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணித் திருப்தி அடையலாம். டோக்கியோ மாநகரத்தின் ஷின்ஜுகு வட்டாரத்தில் காபுகிச்சோ என்று ஒரு பேட்டை இருக்கிறது. அதன் விஷயம் இதைவிட விசித்திரமானது. காபுகி என்பது ஜப்பானியரின் புராதன நாடகக் கலை; சோ என்றால் பேட்டை. ஆகவே நாடகப் பேட்டை என்று பொருள் கொள்ளலாம். ஆனால், எந்தக் காபுகி நாடகசாலையை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சூட்டினார்களோ, அந்த நாடகசாலை கட்டப்படவே இல்லை! வரப்போகும் விருந்தாளியின் பெயரை வாசலில் எழுதி வைத்து, விருந்தாளி வராமற் போன பிறகும் எழுத்தை அழிக்காமல் விட்டது போன்ற காரியம் அது.

இப்படி இல்லாத ஒன்றின் பெயரைத் தாங்கி நின்ற பேட்டையில், 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14-ஆம் தேதி ஒரு விளையாட்டுக் கூடம் திறக்கப்பட்டது. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதே அந்தக் கூடத்தின் தொழில். அதற்கு 'வி.ஆர். ஸோன் ஷின்ஜுகு' என்று பெயர். 2019-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி அது மூடப்பட்டது. கூட்டம் வராமல் மூடவில்லை. கடனில் மூழ்கியும் மூடவில்லை. பிறக்கும்போதே ஆயுளை நிர்ணயித்துக்கொண்டு பிறந்த கூடம் அது. அந்த இருபது மாதக் கூடத்தின் சரித்திரத்தையும், அது நின்ற மண்ணின் சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில், ஒன்றை விட்டு மற்றொன்று விளங்காது.

சதுப்பும் சரஸ்வதியும்

ஷின்ஜுகு ரயில்வே ஸ்டேஷனை உலகத்திலேயே அதிக ஜன நடமாட்டம் உள்ள ஸ்டேஷன் என்று சொல்வார்கள். நாளொன்றுக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் வழியாகப் போகிறார்கள். கிழக்கு வாசலில் இறங்கியதும் நாகமுராயா என்னும் பழைய பலகாரக் கடையைக் காணலாம். 1915-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் புரட்சி வீரர் ராஷ் பிஹாரி போஸ் தலைமறைவாக வந்தபோது அவருக்குப் புகலிடம் தந்தவர்கள் அந்தக் கடையின் சொந்தக்காரரான ஸோமா தம்பதிகளே. பிற்பாடு அவர் அந்த வீட்டு மாப்பிள்ளையும் ஆனார். 1927-ஆம் ஆண்டு முதல் அங்கே இந்தியக் கறியும் சோறும் பரிமாறப்படுகின்றன. அந்தக் கடையைத் தாண்டி வடக்கே சில நிமிஷம் நடந்தால் காபுகிச்சோ வந்துவிடும்.

இரவு வேளையில் அங்கே மின்சார விளக்குகளின் ஜொலிப்பைப் பார்க்கிறவர்கள், ஒரு காலத்தில் அது சதுப்பு நிலமாக இருந்தது என்றால் நம்ப மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அருகிலிருந்த யோதோபாஷி குடிநீர்த் தேக்கத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டித்தான் அந்தப் பள்ளத்தை மேடாக்கினார்கள். நீர் இருந்த இடத்துக்கு ஒரு தெய்வம் வேண்டுமல்லவா? அங்கே பென்ஸாய்டென் என்னும் தேவிக்கு ஒரு சிறு கோவில் உண்டு. கையில் வீணை போன்ற வாத்தியத்தை ஏந்திய அந்தத் தேவி யார் என்று நினைக்கிறீர்கள்? பௌத்த மதத்துடன் சீன தேசம் வழியாகக் கடல் கடந்து சென்ற நம் சரஸ்வதி தேவியேதான்! நாட்டியக் கொட்டகைகளுக்கும் மதுபானக் கடைகளுக்கும் நடுவே, ஒரு சிறிய பூங்காவில் கலைமகள் இன்றைக்கும் அமைதியாக வீற்றிருக்கிறாள். அவள் எழுந்தருளியிருக்கும் பேட்டையிலே பிற்காலத்தில் அத்தனை சங்கீதமும் நாடகமும் சினிமாவும் குடியேறியது அவள் திருவுள்ளம் போலும்.

மேடாக்கிய நிலத்தில் வீடுகள் எழுந்தன. ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியும் ஏற்பட்டது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து விமானத் தாக்குதலில் எல்லாம் எரிந்து சாம்பலாயின. யுத்தம் முடிந்ததும் அந்தப் பேட்டை மக்களின் தலைவராக இருந்த ஸுஸுகி கிஹே என்பவர் ஒரு பெரிய கனவு கண்டார். எரிந்த இடத்தில் பழையபடி வீடுகளை மட்டும் கட்டாமல், குடும்பத்துடன் வந்து களிக்கத்தக்க ஒரு கலைப் பேட்டையை உண்டாக்க வேண்டும். அதன் நடுநாயகமாகக் காபுகி நாடகசாலை ஒன்று விளங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். டோக்கியோ நகர நிர்மாண அதிகாரியான இஷிகாவா ஹிதேயாகி என்பவர் அதற்கு உற்ற துணையாக நின்று, காபுகிச்சோ என்ற பெயரையும் யோசனை கூறினார். 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பெயர் அமலுக்கு வந்தது. பெயர் வந்தது, நாடகசாலை வரவில்லை. யுத்தத்தில் நொந்து போன நாட்டில் கட்டட சாமான்களுக்கும் கட்டுப்பாடு, பணத்துக்கும் முடை.

கண்காட்சி விட்டுச் சென்ற கட்டடங்கள்

கனவு கண்டவர்கள் மனம் தளரவில்லை. 1950-ஆம் ஆண்டில் அதே இடத்தில் ஒரு பெரிய கைத்தொழிற் கண்காட்சியை நடத்தினார்கள். வரவைவிடச் செலவு அதிகமாகி நஷ்டத்தில் முடிந்தது. ஆனால், கண்காட்சிக்காக எழுப்பிய மண்டபங்களைச் சும்மா விடாமல் சினிமாக் கொட்டகைகளாகவும் விளையாட்டு நிலையங்களாகவும் மாற்றிக்கொண்டார்கள். காபுகிச்சோவின் கேளிக்கை வாழ்வு அங்கிருந்துதான் ஆரம்பமாயிற்று. கொஞ்ச நாளைக்கென்று கட்டியதே நிரந்தரத்துக்கு அஸ்திவாரம் போட்டது! இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1956-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இரண்டு பெரிய கட்டடங்கள் திறக்கப்பட்டன. ஒன்று கோமா ஸ்டேடியம் என்னும் நாடக அரங்கம்; ஜப்பானிய ஜனரஞ்சகப் பாடகர்களுக்கு அதன் மேடையில் ஏறுவது வாழ்நாள் பாக்கியமாக இருந்தது. மற்றொன்று டோக்யூ கம்பெனியாரின் கலாசார மாளிகை. அதற்குள் மிலானோ-ஸா என்று ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய சினிமாக் கொட்டகை ஒன்றும், பனிச் சறுக்கு விளையாட்டு மைதானமும் இருந்தன. இரண்டு தலைமுறை ஜப்பானியர் அங்கே படம் பார்த்து வளர்ந்தார்கள்.

பேட்டையின் புகழ் எப்போதும் நல்ல புகழாகவே இருந்தது என்று சொல்வதற்கில்லை. இரவு விடுதிகளும், அவற்றைச் சுற்றித் திரியும் முரடர் கூட்டங்களும் பெருகின. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி ஒரு சிறிய கட்டடத்தில் பற்றிய தீயில் 44 பேர் மாண்டார்கள். மறு ஆண்டு போலீஸார் தெருக்களில் ஐம்பது காமிராக்களைப் பொருத்தினார்கள். குடும்பஸ்தர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகத் தயங்கும் இடமாக அது மாறியிருந்தது. ஸுஸுகி கிஹே கண்ட கனவுக்கு முற்றிலும் விரோதமான நிலைமை.

கோமா ஸ்டேடியம் 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி திரையை இறக்கியது. மிலானோ-ஸா 2014-ஆம் ஆண்டு அதே டிசம்பர் 31-ஆம் தேதி கதவைச் சாத்தியது. கடைசிக் காட்சியாக அங்கே காட்டிய படம், வேற்று உலகத்திலிருந்து வந்த ஒரு சிறு பிராணி குழந்தைகளுடன் சிநேகம் கொண்டு, பிறகு தன் வீடு திரும்பும் 'ஈ.டி.' என்னும் படம். பொருத்தமான விடைபெறுதல் அல்லவா?

மரக்குதிரை முதல் மாயக் கண்ணாடி வரை

கொட்டகையை இடித்தாயிற்று. அதன் இடத்தில் ஒரு பெரிய கோபுரம் எழுப்புவதென்று ஏற்பாடு. திட்டம் தயாராகி வேலை தொடங்குவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை டோக்கியோவின் நடு மத்தியில், பொன்னுக்கும் மேலான விலையுள்ள மனையைக் காலியாகப் போட்டு வைப்பதா? இந்த இடைவெளியில்தான் பண்டாய் நாம்கோ கம்பெனியார் பிரவேசித்தார்கள்.

நாம்கோவின் ஆரம்பம் மிக எளியது. 1955-ஆம் ஆண்டில் மஸாயா நாகமுரா என்பவர், யோகஹாமா நகரத்து ஜவுளி மாளிகை ஒன்றின் மொட்டை மாடியில் இரண்டு ஆடும் மரக்குதிரைகளை வைத்தார். தாய்மார்கள் கடையில் சாமான் வாங்குவார்கள். குழந்தைகள் மாடியில் குதிரை ஏறுவார்கள். அந்த இரண்டு குதிரைகளிலிருந்து வளர்ந்த ஸ்தாபனம், 1980-ஆம் ஆண்டில் 'பாக்-மேன்' என்னும் வீடியோ விளையாட்டை உலகத்துக்கு அளித்தது. அதை உருவாக்கியவர் டோரு இவாடானி என்னும் இளைஞர். 2005-ஆம் ஆண்டில் பண்டாய் என்னும் பொம்மைக் கம்பெனியுடன் நாம்கோ இணைந்தது. நாகமுரா 2017-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தமது 91-ஆம் வயதில் காலமானார். ஆறு மாதம் கழித்து ஷின்ஜுகு கூடம் திறக்கப்பட்டது. மரக்குதிரையில் ஆரம்பித்தவருக்கு மாயக் குதிரையைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

காலி மனையில் கூடாரம் அடிப்பது அந்தக் கம்பெனிக்குப் புதிதல்ல. 1992-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி, டோக்கியோவின் ஃபுதாகோ-தமகாவாவில், மூடப்பட்ட பழைய விளையாட்டுப் பூங்காவின் மனையில் 'வொண்டர் எக்ஸ்' என்னும் அதிசயப் பூங்காவை நாம்கோ திறந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை வரும் தேதியில் பிறந்த அந்தப் பூங்கா, நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய காலம் வந்ததும் 2000-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று மூடப்பட்டது.

ஷின்ஜுகு கூடத்துக்கு ஓர் ஒத்திகையும் நடந்தது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஓடைபா தீவில், ஒரு வியாபார மாளிகைக்குள் 'வி.ஆர். ஸோன்' என்ற பெயரிலேயே சிறு பரிசோதனைக் கூடம் ஒன்று திறந்து, அக்டோபர் மாதத்தில் மூடினார்கள். மெய்நிகர் என்று இந்நாளில் வழங்கும் இந்த மாயக் கண்ணாடி மனிதர்களை என்ன செய்கிறது, எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு அலறுகிறார்கள் என்று கண்டறியவே அந்த ஆறு மாதம். அங்கே கற்ற பாடத்தைக் கொண்டுதான் மிலானோ-ஸா மனையில் பெரிய கூடத்தை எழுப்பினார்கள்.

கண்ணாடியின் ரகசியம்

கூடத்தில் என்னென்ன இருந்தன என்று சொல்வதற்கு முன், அந்தக் கண்ணாடியின் யுக்தியைச் சற்று விளக்குவோம். பள்ளி ஆசிரியருக்கு விளக்காமல் இருக்க முடியாது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

நமக்கு இரண்டு கண்கள் இருக்கின்றன. இடது கண் காண்பதும் வலது கண் காண்பதும் இம்மியளவு வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தைக் கொண்டே மூளை தூரத்தையும் ஆழத்தையும் கணக்கிடுகிறது. தலையில் மாட்டும் கருவிக்குள் இரண்டு சிறு திரைகள். அவற்றுக்கு முன் இரண்டு வில்லைகள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம். இம்மட்டில் இது நம் பாட்டனார் காலத்து இரட்டைப் படக் கண்ணாடியின் தத்துவமே. புதிய விசேஷம் வேறு. தலையை நாம் எந்தப் பக்கம் திருப்பினாலும், குனிந்தாலும், நிமிர்ந்தாலும், அதற்கேற்றபடி படமும் உடனே மாற வேண்டும். அறையின் மூலைகளில் வைத்த சிறு பெட்டிகள் கண்ணுக்குத் தெரியாத ஒளிக் கதிரை வீசுகின்றன. தலையிலுள்ள கருவி அதை வாங்கித் தன் ஸ்தானத்தைக் கணக்கிடுகிறது. ஒரு விநாடிக்குத் தொண்ணூறு முறை புதிய படம் வரையப்படுகிறது. சற்றுத் தாமதித்தாலும் மாயை கலைந்துவிடும். அத்துடன் தலையும் சுற்றும்.

தலை சுற்றுவதன் காரணம் காதில் இருக்கிறது. உட்செவியிலே உடம்பின் அசைவை அறியும் உறுப்பு உண்டு. 'நாம் ஓடுகிறோம்' என்று கண் சொல்ல, 'இல்லை, நின்றுகொண்டிருக்கிறோம்' என்று காது சொன்னால், இரண்டு சாட்சிகளுக்கும் நடுவே மூளை திணறிப் போகிறது. கப்பலில் போகிறவர்களுக்கு ஏற்படும் குமட்டல் போன்றதே இதுவும். ஷின்ஜுகு கூடத்தின் சாமர்த்தியமெல்லாம் இந்த இரண்டு சாட்சிகளையும் ஒரே பொய்யைச் சொல்ல வைத்ததில்தான் இருந்தது. கண் காரோட்டத்தைக் கண்டால் ஆசனமும் குலுங்கும். முகத்தில் காற்று வீசும். கண் மலையிறக்கத்தைக் கண்டால் காலடியில் பலகையும் சாயும். வீட்டில் தனியாக ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டால் கிடைக்காத அனுபவம் அது.

உள்ளே கண்டவை

2018-ஆம் ஆண்டில் ஜப்பானுக்குப் பிரயாணம் செய்தபோது நாம் அந்தக் கூடத்துக்குள் போகும் வாய்ப்புப் பெற்றோம். அங்கே பொறியியல் வேலையிலிருக்கும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். "ஸார், நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு வேண்டுமானால் திட்டுங்கள்" என்றார் அவர். நாலு விளையாட்டுகளுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் சேர்த்து ஒரு சீட்டு 4,400 யென். கூடம் திறந்த புதிதில் 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் கண்ணாடி மாட்டும் விளையாட்டுகளில் சேர முடியாது என்று விதி இருந்தது. வளரும் கண்களைப் பற்றிய ஜாக்கிரதை அது. பெற்றோர்கள் மெச்சத்தக்கதே.

உள்ளே ஒரு சிறு நகரமே இருந்தது. ஓரிடத்தில் சிறகு முளைத்த சைக்கிளில் ஏறி மிதித்தால் பள்ளத்தாக்குகளின் மேலே பறக்கலாம். மற்றோரிடத்தில் தூண்டிலைப் பிடித்தால் இல்லாத மீன் மெய்யாகவே கையைச் சுண்டி இழுக்கும். ஜப்பானியக் குழந்தைகள் படக்கதைகளில் படித்து வளர்ந்த வீரனைப் போல, இரு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சக்தியைத் திரட்டி எதிரியின் மேல் எறியலாம். மாரியோ என்னும் மீசைக்காரக் குழாய்த் தொழிலாளியின் கார்ப் பந்தயத்துக்கே கூட்டம் அதிகம். அதில் கைகளிலும் கருவி கட்டுவதால், எதிரில் தொங்கும் வாழைப்பழத்தைக் கையை நீட்டிப் பிடித்து, பின்னால் வருகிறவன் வழியில் எறிய முடியும். வேறொரு பெரிய அறையில் நால்வர் முதுகில் கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு, வாளும் கேடயமுமாக உலாவி அரக்கர்களுடன் போர் புரிந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நாலு கனவான்கள் வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்! பார்ப்பவர்களுக்கு அது தனி வேடிக்கை.

நம்மை ஆட்கொண்டது அவை அல்ல. 'உயரத்து அச்சக் காட்சி' என்று பொருள்படும் ஒன்று இருந்தது. கால்களிலும் கைகளிலும் கருவிகளைக் கட்டுகிறார்கள். ஒரு மின்தூக்கி மேலே மேலே போவது போல் தோன்றுகிறது. கதவு திறந்தால், எதிரே 200 மீட்டர் உயரத்தில், அந்தரத்தில் ஒரு குறுகிய பலகை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒரு பூனைக்குட்டி. நடந்து போய் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வேறொன்றும் இல்லை.

உண்மையில் தரையின் மேல் ஒரு சாதாரண மரப் பலகை கிடக்கிறது. கண்ணாடி மாட்டுவதற்கு முன் நாமே அதைக் கண்ணால் பார்த்தோம். தவறி விழுந்தால் சில அங்குலம்கூட விழ மாட்டோம் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? முதல் அடி வைத்ததும் பலகை சற்று ஆடியது. எங்கிருந்தோ காற்று வீசியது. கால் நகர மறுத்தது. கயிற்றைப் பாம்பென்று மயங்குவதைப் பற்றி நம் வேதாந்திகள் சொல்லியிருக்கிறார்கள். கயிறு என்று தெரிந்துவிட்டால் பயம் நீங்கிவிடும் என்பது அவர்கள் கட்சி. இங்கேயோ கயிறு என்று தெரிந்த பிறகும் பாம்பின் பயம் நீங்கவில்லை! அறிவு தெளிந்திருக்கிறது, முழங்கால் தெளியவில்லை. இருந்தும் பூனைக்குட்டி பரிதாபமாகப் பார்த்தது. அங்குலம் அங்குலமாக நகர்ந்து, அதை வாரி எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

கண்ணாடியைக் கழற்றியதும் சுற்றி நின்ற அந்நியர்கள் கை தட்டினார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரியான சிரிப்பு. நமக்கு முன் போன ஒரு வயோதிகரும், பின்னால் காத்திருந்த கல்லூரிப் பெண்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்கள். தனித் தனியே இருட்டுக் கருவிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் விளையாட்டு என்று நாம் குறைவாக எண்ணியிருந்தோம். அங்கே கண்டதோ வேறு. ஒருவர் பயப்படுவதை மற்றவர் பார்த்து, மற்றவர் பயப்படுவதை இவர் பார்த்து, பயத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சபை அது. குடும்பங்கள் போகத் தயங்கிய காபுகிச்சோவின் நடுவில், பட்டப்பகலில், தாயும் மகளும் வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸுஸுகி கிஹே எழுபது ஆண்டுகளுக்கு முன் விரும்பியது ஏறக்குறைய இதையேதான்.

மூடு விழா

2019-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி, முன்பே அறிவித்தபடி, கூடம் மூடப்பட்டது. ஜப்பானில் அந்தத் தேதிக்கு ஒரு விசேஷம் உண்டு. கணக்கு வருஷமும் பள்ளிக்கூட வருஷமும் முடியும் நாள் அது. வீடியோ விளையாட்டுக் கூடம் ஒரு பள்ளிக்கூடத்தைப் போல வருஷ முடிவில் விடைபெற்றது நமக்கு ஒரு விதத்தில் பிடித்திருந்தது.

கம்பெனியார் அத்துடன் முயற்சியை விடவில்லை. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே ஓஸாகா நகரத்தில் ஒரு கூடம் திறந்திருந்தார்கள். 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் டோக்கியோவின் இகெபுகுரோ வட்டாரத்தில் 'மஸாரியா' என்ற பெயரில் வேறொன்றைத் திறந்தார்கள். இதற்கு ஆயுள் நிர்ணயம் கிடையாது. ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். மறு வருஷம் கொரோனா நோய் உலகத்தையே முடக்கிற்று. பலர் தலையில் மாறி மாறி மாட்டும் கருவியும், கூடி நின்று சிரிக்கும் கூட்டமும் அபாயகரமானவை ஆகிவிட்டன. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி மஸாரியா மூடப்பட்டது. தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டு வந்தது இருபது மாதம் வாழ்ந்தது. நிரந்தரம் என்று வந்தது பதினாலு மாதத்துக்குள் முடிந்தது!

எஞ்சியது என்ன?

இப்போது அந்த மனையில் டோக்யூ காபுகிச்சோ கோபுரம் நிற்கிறது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி திறக்கப்பட்ட அது, தரைக்கு மேல் 48 மாடியும் தரைக்குக் கீழே 5 மாடியும் கொண்டது. உயரம் சுமார் 225 மீட்டர். உள்ளே ஆபீஸ் ஒன்றுகூடக் கிடையாது. ஹோட்டல்களும் சினிமாவும் சங்கீத அரங்கமும் நாடக அரங்கமுமே. நாடக அரங்கத்துக்குப் பழைய மிலானோ-ஸாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆக, நாடகப் பேட்டையின் நடுவில் புதிதாக ஒரு நாடகசாலையும் வந்து சேர்ந்தது. மூன்றாவது மாடியில் நாம்கோவின் விளையாட்டுக் கூடமும் இருக்கிறது. கோபுரத்தின் வெளித் தோற்றத்தை அமைத்த யூகோ நகயமா என்னும் பெண் சிற்பி, பொங்கி எழும் நீரூற்றைப் போல அதை அமைத்திருக்கிறார். சதுப்பு நிலத்துத் தேவி அதைக் கண்டு புன்னகை செய்வாள் என்று நம்புகிறோம்.

ஒரு சங்கதியை எண்ணிப் பார்த்தால் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. அந்த மனையில் நாம் தரையில் நின்றுகொண்டு 200 மீட்டர் உயரத்தில் நிற்பதாக மயங்கினோம். இன்று அதே மனையில் மெய்யாகவே 200 மீட்டருக்கு மேலே மனிதர்கள் நிற்கிறார்கள். மாயை முன்னே வந்தது. மெய் பின்னே வந்தது. பூனைக்குட்டிக்கு மட்டும் அங்கே இடம் இல்லை.

இங்கேதான் வருத்தத்துக்கு உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மிலானோ-ஸா போய்விட்டாலும் அங்கே கடைசியாகக் காட்டிய படத்தை எந்த ஊரிலும் போட்டுப் பார்க்கலாம். 'பாக்-மேன்' பிறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்றைய குழந்தை அதை விளையாட முடிகிறது. ஆனால் அந்த ஆடும் பலகையும், வீசும் காற்றும், கையைச் சுண்டும் தூண்டிலும், சுற்றி நின்று சிரிக்கும் அந்நியரும் சேர்ந்து உண்டான விளையாட்டை எந்தப் பெட்டியில் அடைத்து வைப்பது? கம்ப்யூட்டரில் எழுதிய பாகத்தை வேண்டுமானால் பத்திரப்படுத்தலாம். அது ஒரு நாட்டியத்தின் பதத்தை ஏட்டில் எழுதி வைப்பதற்குச் சமானம். ஆடுகிறவர் இல்லாமல் ஆட்டம் இல்லை. சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் சேமிப்புச் சாலைகள் கட்டும் அறிஞர்கள், இத்தகைய கூடங்களைப் பற்றியும் படமாகவும் எழுத்தாகவும் சாட்சியமாகவும் குறித்து வைப்பது நலம். அங்கே விளையாடியவர்கள் உயிருடன் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.

தற்காலிகமானது என்றால் அற்பமானது என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கல்லில் கட்டியதைக் கோவில் என்போம். மூங்கிலில் கட்டியதைப் பந்தல் என்போம். ஆனால் ஊரே கூடிச் சிரித்ததும், சம்பந்தம் பேசியதும், பகை மறந்ததும் பெரும்பாலும் பந்தலின் கீழேதான். காபுகிச்சோவின் சரித்திரத்தைப் பாருங்கள். நஷ்டப்பட்ட ஒரு கண்காட்சி, நாற்புறமும் கொட்டகைகளை விட்டுச் சென்றது. அந்தக் கொட்டகைகள் ஐம்பத்தெட்டு ஆண்டு வாழ்ந்த மாளிகைக்கு வழி விட்டன. மாளிகை இருபது மாதக் கூடத்துக்கு வழி விட்டது. கூடம் கோபுரத்துக்கு வழி விட்டது. கோபுரமும் ஒரு நாள் வழி விடும். சதுப்பு நிலத்துக்கு இது தெரியாத சங்கதி அல்ல.

ஜப்பானுக்குப் போகும் வாசகர்கள் அந்தக் கோபுரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு, அத்துடன் திரும்பிவிட வேண்டாம். பக்கத்துப் பூங்காவில் இருக்கும் தேவிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இந்த மண்ணில் மூடப்பட்ட கதவுகளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பூனைக்குட்டிக்காக நடுங்கிக்கொண்டே நடந்தவர்களில் ஒருவராவது அந்தத் தெருவில் உங்கள் எதிரே வந்துகொண்டிருக்கக்கூடும்.